சிவப்புக் கேன்

காளிராஜிடம் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கக் கொடுக்கலாம். புது மெஷின் இறங்கிய வாரத்தில் கறுப்பை மட்டும் கொண்டுபோய் நீட்டக் கூடாது. பூஜையன்று பிள்ளையார் படம் ஒன்று ஓடும், அது சாமிக்கு. அதற்கு அடுத்து ஓடுகிற முதல் ஆர்டர்தான் மெஷினுடைய கைராசி, அது சிவப்பிலோ மஞ்சளிலோதான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் அந்த பிரஸ்ஸில் நிலைத்ததில்லை.

அந்தப் பங்குனியில் நல்ல நாள் பார்த்து மெஷின் இறங்கியபோது கையில் ஒரே ஒரு புது ஆர்டர்தான் இருந்தது. பட்டாசுப் பெட்டி லேபிளெல்லாம் பழைய மெஷினில் ஏறிவிட்டது. காலண்டர் சீசனுக்கு ஆடி வரவேண்டும். மிச்சம் இருந்தது வடக்கே எங்கோ ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கான ஸ்டிக்கர். அவர்களுக்கென்று சின்னதாக ஓர் ஓடுதளம் உண்டாம். அங்கே எண்ணெய் டேங்கிலும் வண்டியிலும் குழாய் முனையிலும் ஒட்டுவதற்கு. கறுப்புத் தளம், வெள்ளை எழுத்து: ‘ஜெட் ஏ-ஒன்’.

மாதிரியைப் பார்த்ததும் காளிராஜுக்கு முகம் சுருங்கிப்போனது. கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் அவருக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். புது மெஷினில் முதல் வேலையாக எழவு போஸ்டரா? தளத்தைச் சிவப்பாக்கச் சொல்லிவிட்டார். வாங்குகிறவனுக்கும் மங்களகரமாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். பிடிவாதக்காரர்கள் நல்ல மனசோடு செய்கிற தப்பைத் திருத்துவதைப் போல ஒரு ரோதனை உலகத்தில் கிடையாது. அந்த ரோதனை மருமகள் அருணாதேவி தலையில் வந்து விடிந்தது.

பேக்கிங் பக்கத்தை அருணாதான் பார்த்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடித்து வந்தவள், கட்டிங் மேஜைமேல் சிவப்புச் சிவப்பாக அடுக்கியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு விமான நிலையத்தில், விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். வேதியியல் படித்து, தேர்வெழுதிச் சேர்ந்த வேலை. பொண்ணு பார்க்க வந்தபோது “ஏர்போர்ட்டில் ஆபீஸ் வேலை” என்று சொந்தக்காரர்களிடம் சொன்ன மாமனார் வீடு, கல்யாணம் முடிந்ததும் “எங்க மருமக பங்க்ல பெட்ரோல் போட்ட புள்ள” என்று கேலி பேசியது. அருணாவும் சேர்ந்து சிரித்துவைப்பாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிடும்.

“என்னக்கா, அந்த ஸ்டிக்கர இப்படி மொறைக்கீக?” என்றாள் பாண்டிச்செல்வி. கட்டுக் கட்டுகிறவள். இங்கே வருவதற்கு முன் நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனியில் இருந்தவள்.

“இது சிவப்புல இருக்கக் கூடாதுடி. இந்த எண்ணெய்க்குக் கறுப்புதான். சிவப்பு வேற எண்ணெயோட கலரு.”

“ப்ளேனுக்குப் போயி ரெண்டு எண்ணெயா?”

“ரெண்டோட விட்டாத் தேவல. பெரிய ப்ளேனு ஜெட் இன்ஜின்ல ஓடுது. அதுக்கு ஊத்துறது மண்ணெண்ணெயோட கூடப்பொறந்த தங்கச்சி. குளிப்பாட்டி, வடிகட்டி, பொட்டுத் தண்ணி இல்லாம வச்சிருப்பாக. நம்ம நாட்டுல ஊத்துறது இந்த ஜெட் ஏ-ஒன். மைனஸ் நாப்பத்தேழு டிகிரி வரைக்கும் உறையாது. அமெரிக்காவுல ஜெட் ஏ-னு ஒண்ணு. அது மைனஸ் நாப்பதுலயே உறைய ஆரம்பிச்சிரும். ரொம்பக் குளுரான ஊருக்கு ஜெட் பி. அதுல பாதிக்கு மேல பெட்ரோல் சமாச்சாரம் கலந்திருக்கும், லேசுல பத்திக்கிரும்.”

“மேல அம்புட்டுக் குளுரா?”

“இங்கன நமக்கு மண்டை காயுது. இப்ப நம்ம தலைக்கு மேல போற ப்ளேனுக்கு வெளிய மைனஸ் அம்பது இருக்கும். எண்ணெயில ஒரு சொட்டுத் தண்ணி நின்னாலும் ஐஸாகி வடிகட்டிய அடைச்சிரும். அதான் தினமும் கண்ணாடி ஜாடியில பிடிச்சு வெளிச்சத்துல பாப்போம். கலங்கல் இல்லாம பளிச்சுனு இருக்கணும்.”

“தீப்பிடிக்காதா?”

“முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழ அதோட ஆவி தீயைப் பிடிக்காது. அதுதான் அதுக்குப் பாஸ் மார்க்கு.”

“நம்ம ஊரு நெழல்லயே அம்புட்டு அடிக்குதே!”

“அதான் பயமே. இன்னொண்ணு, குழாய்ல வேகமா ஓடுறப்ப எண்ணெய்க்குள்ளயே கரண்டு ஏறும். அது தேங்காம இருக்க மருந்து கலப்பாக. ப்ளேனையும் வண்டியையும் கம்பியால இணைச்சிட்டுத்தான் மூடியத் தொறப்போம்.”

பாண்டிச்செல்விக்கு இது சட்டென்று பிடிபட்டது. “நாங்க மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன ஒடம்புக் கரண்டு எறங்கச் செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போவோமே, அது மாதிரியாக்கா. சரி, சிவப்பு எதுக்கு?”

“ஏவ்காஸ்னு ஒரு பெட்ரோலு. பயிற்சிக்கு ஓட்டுற குட்டி ப்ளேன்ல பைக்கு மாதிரி பிஸ்டன் இன்ஜின். அதுக்கு ஊத்துறது. நீலச் சாயம் போட்டிருக்கும், லேபிளு சிவப்பு. இவுக வச்சிருக்கிறது பயிற்சிப் பள்ளிக்கூடம். ரெண்டு எண்ணெயும் அங்கன இருக்கும். இந்தச் சிவப்ப ஜெட் எண்ணெய் வண்டியில ஒட்டுனா, எவனாவது ஒருத்தன் குட்டி ப்ளேனுல இத ஊத்திருவான்.”

“ஊத்துனா ஸ்டார்ட் ஆகாதுல்லக்கா?”

“ஆகும்டி, அதுதான் வில்லங்கமே. குழாய்ல பழைய பெட்ரோல் நிக்கும். ஸ்டார்ட் ஆகும், ஓடும், மேல ஏறும். ஏறுனதுக்கு அப்புறந்தான் நிக்கும்.”

பாண்டிச்செல்வி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அருணா நேராக மாமனாரின் மேஜைக்குப் போனாள். காளிராஜ் புது மெஷினுக்குக் கட்டிய மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கண்ணாடி ஜாடிக் கதை வரைக்கும் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு அவர் அடித்திருந்தாலே பரவாயில்லை.

“ஏம்மா, ஸ்டிக்கர்ல எழுத்து இருக்கா இல்லையா?”

“இருக்கு மாமா.”

“முழங்கை அகலத்துக்கு எழுத்து. ப்ளேனுக்கு எண்ணெ ஊத்துறவனுக்குப் படிக்கத் தெரியாதா? கலரு எதுவா இருந்தா என்ன, எழுத்துத் தெரிஞ்சாப் போதும்.”

“அவசரத்துல யாரும் படிக்க மாட்டாக மாமா. கலரத்தான் பாப்பாக. கை பாட்டுக்குப் போயிரும்.”

“அது ஒங்க பங்க்ல” என்றார் காளிராஜ். மெஷின்மேன் வேலுச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். அருணாவுக்குக் காது மடல் சுட்டது.

அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, காளிராஜ் ஆர்டர் கொடுத்த ஏஜென்டுக்கு அவள் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த ஆளுக்கு என்ன அவசரமோ, “சிவப்போ பச்சையோ, இன்னிக்கு லாரில ஏத்திடுங்க சார், போதும்” என்று வைத்துவிட்டான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்கிற மாதிரி ஆள். அவன் சொன்னது காளிராஜுக்கு வேதவாக்காகிவிட்டது.

“கேட்டியா? பார்ட்டியே சரின்னுட்டான். ஒனக்கு என்ன?”

“சிவப்ப ஒதுக்கிட்டு கறுப்புல திரும்ப அடிப்போம் மாமா. முதல் ஆர்டர்தான் சிவப்புல ஓடிருச்சே, ஒங்க சாத்திரமும் கெடலையே.”

“முதல் லோட வெளிய அனுப்பாமக் கிழிச்சுப் போடணுமா?” இப்போதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “கறுப்புல அடிக்கிறதக் கூடத் தாங்கலாம். முதல் லோடக் கிழிச்ச மெஷினு விளங்குமா? போம்மா, வீட்டுக்குப் போயி காப்பி போடு.”

அருணா புருஷன் ராம்குமாரைப் பார்த்தாள். அவன் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடினான். தேடுகிற பாவனை அவனுக்கு நன்றாக வரும். பின்னாலேயே போய்க் கேட்டபோது, “அப்பா சொன்னாச் சொன்னதுதான், ஒனக்குத் தெரியாதா? நமக்கெதுக்கு, பார்ட்டியே ஒத்துக்கிட்டான்ல” என்றான்.

“ஒங்க தங்கச்சி மகன் ப்ளேன் ஓட்டப் படிக்கப் போறேன்னு நிக்கானே, அவன் இந்தப் பள்ளிக்கூடத்துல சேந்தாலும் இதத்தான் சொல்வீகளா?”

ராம்குமார் மறுபடி செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அருணாவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. கோபம்தான் வந்தது. படித்த படிப்பு, பார்த்த வேலை, கல்யாணத்துக்குப் பிறகு விழுங்கிய கேலி எல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குள் திமுதிமுவென்று ஏறியது. முகம் தெரியாத ஒரு பயிற்சிக்காரப் பிள்ளை வானத்தில் இன்ஜின் நின்றுபோய்த் தவிக்கிற காட்சி கண்முன் வந்து நின்றது. இந்தச் சிவப்பு லாரி ஏறக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். வீட்டைவிட்டு அனுப்பினாலும் சரி.

பிரஸ்ஸின் பின்பக்கம் இரண்டு கேன்கள் எப்போதும் இருக்கும். கறுப்புக் கேனில் ரோலர் கழுவ மண்ணெண்ணெய். சிவப்புக் கேனில் காளிராஜின் மொபெட்டுக்குப் பெட்ரோல். டேங்கை நிரப்பி வைத்தால் யாராவது ஓசியில் ஓட்டிவிடுவார்கள் என்று, கிளம்பும்போது கேனிலிருந்து கொஞ்சமாக ஊற்றிக்கொள்கிற பழக்கம் அவருக்கு. அவருடைய சட்டப்படி புது மெஷினின் முதல் லோடை முதலாளியே தன் வண்டியில் வைத்து லாரி ஷெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் கிளம்புவார்.

அருணா சிவப்புக் கேனில் இருந்த பெட்ரோலைத் துளி விடாமல் ராம்குமாரின் பைக்கில் ஊற்றினாள். கேனைக் கவிழ்த்து வடியவிட்டாள். கறுப்புக் கேனிலிருந்து மண்ணெண்ணெயை அதில் நிரப்பினாள். பிறகு வெட்டிப்போட்ட ஓரத்துச் சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதில் வெள்ளை மார்க்கரால் முழங்கை அகலத்துக்கு ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதினாள். கேனின் நெற்றியில் ஒட்டினாள்.

“யக்கா, இப்படி எழுதி ஒட்டுனா அண்ணாச்சி பாத்துருவாகளே?” என்றாள் பாண்டிச்செல்வி.

“பாத்தா நான் தோத்தேன்டி. பாக்கட்டும்.”

பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பார்க்காமல் போனால் நடுரோட்டில் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. அவர் மொபெட்டை எப்போதும் மாடு நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுவார் என்பது ஒன்றே ஆறுதல். ஸ்கூட்டியில் பின்னாலேயே போவதென்று சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் காளிராஜ் வெள்ளை வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு இட்டு வந்தார். வேலுச்சாமி கட்டுகளை மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் ஏற்றிக் கட்டினான். “கேன எடுத்தாம்மா” என்றார். பாண்டிச்செல்வி எடுத்து வந்து, எழுத்து அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரியே நீட்டினாள். அவர் மூடியைத் திருகினார். ராகுகாலம் முடிந்ததா என்று ராம்குமாரிடம் கேட்டுக்கொண்டே ஊற்றினார். மூடினார். பிரஸ் முழுக்க மையும் மண்ணெண்ணெயும்தான் மணக்கும். அந்த மூக்குக்கு அதில் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? வண்டி ஒரே மிதியில் கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். அருணாவும் தட்டினாள். தட்டிவிட்டு அந்தக் கேனை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

ரயில்வே கேட்டுக்கு முந்தின ஏற்றம் வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. ஏற்றத்தில் பாதி ஏறியிருக்கும், இன்ஜின் டக்டக்கென்று தட்டியது. பின்னால் வெள்ளையாகப் புகை கிளம்பியது. இரண்டு முறை விக்கியது. நின்றுவிட்டது. காளிராஜ் காலை ஊன்றினார். மிதித்தார். மறுபடி மிதித்தார். கேட் போட்டிருந்தது, கார்களும் பைக்குகளும் ஓரத்து டீக்கடையும் சேர்ந்து அவர் மிதிப்பதை வேடிக்கை பார்த்தன. வேட்டி கரண்டைக்கால் பக்கமெல்லாம் கிரீஸில் கறுத்துப்போனது.

அருணா ஸ்கூட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். காலடியில் வைத்திருந்த சிவப்புக் கேனைத் தூக்கினாள்.

“நல்ல வேளை வந்த” என்றார் மாமனார் மூச்சு வாங்க. “இப்பத்தானே பெட்ரோல் ஊத்துனேன், என்ன எழவுன்னு தெரியல.”

“நீங்க ஊத்துனது பெட்ரோல் இல்ல மாமா.”

“என்னம்மா சொல்ற? சிவப்புக் கேன்ல பெட்ரோல்தான இருக்கும்?”

“படிங்க மாமா.”

கேனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். காளிராஜ் பார்த்தார். அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற எழுத்து.

“சத்தமாப் படிங்க. முழங்கை அகலத்துக்கு எழுத்து இருக்கு. ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

டீக்கடையில் ஒருவன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். காளிராஜின் முகம் ரத்தமாகச் சிவந்தது. “எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா எம் வண்டியில மண்ணெண்ணெய ஊத்துவ? நடுரோட்டுல என்னைக் கேவலப்படுத்துறியா?”

“ஊத்துனது நீங்க. நான் எழுதித்தான் ஒட்டுனேன். எழுத்துத் தெரிஞ்சாப் போதும்னு சொன்னது நீங்கதான்.” அவள் குரலை இறக்கவில்லை. “தெனம் எடுக்கிற கேனு. கலரப் பாத்துக் கை நம்பிருச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல எண்ணெ ஊத்துறவன் கையும் அப்படித்தான் மாமா நம்பும். ஒங்க வண்டியும் ஒடனே நிக்கலையே, ஸ்டார்ட் ஆச்சு, நாங்க கைதட்டுனோம், கேட்டு வரைக்கும் ஓடுச்சு. ஏத்தத்துல நின்னதும் நீங்க கால ஊன்றிட்டீக. அவன் எங்கன ஊன்றுவான்?”

அதற்குப் பிறகு ரயில் வந்துவிட்டது. அது கடந்து போகிறவரை இருவரும் எதுவும் பேச முடியவில்லை. பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன. காளிராஜ் கேனைப் பார்த்தார்; கட்டின்மேல் சிவப்பாகத் தெரிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்; மறுபடி கேனைப் பார்த்தார். கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் லாரி ஷெட் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மொபெட்டைத் திருப்பி பிரஸ்ஸுக்குத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஸ்கூட்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னபோது ஏறவில்லை. அருணா ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். அந்த மட்டில் இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள்.

பிரஸ்ஸில் கட்டுகளை இறக்கி கட்டிங் மெஷின் பக்கத்தில் வைத்தார்கள். காளிராஜ் முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தார். ஸ்டிக்கரைத் தடவினார். கையை எடுத்துக்கொண்டார்.

“கிழிக்க எங் கை வராதும்மா” என்றார். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. “முதல் லோடு. எங்கப்பா காலத்துல இருந்து ஒரு லோடக்கூட கிழிச்சதில்ல. மெஷின் விளங்காமப் போச்சுன்னா?”

அவர் பயம் நிஜமான பயம் என்று அருணாவுக்குத் தெரிந்தது. பாவமாகக்கூட இருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

“என் கை வரும் மாமா. விளங்காமப் போனா என்னையச் சொல்லுங்க. பங்க்ல இருந்து வந்த மருமக கெடுத்தாள்னு ஊரெல்லாம் போஸ்டர் அடிங்க. கறுப்புலயே அடிங்க.”

கட்டைத் தூக்கிக் கத்திக்கு அடியில் வைத்தாள். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன், இரண்டையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அழுத்தினாள். ‘ஜெட்’ ஒரு பக்கமும் ‘ஏ-ஒன்’ ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. அடுத்த கட்டுக்குக் குனிந்தபோது, ராம்குமார் அதை முன்னமே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். அவள் வாங்கி வைத்து அழுத்தினாள். கடைசிக் கட்டு வரைக்கும் காளிராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நின்று பார்த்தார்.

“வேலு, மெஷின்ல இருக்கிற சிவப்பு மையக் கழுவு” என்றாள் அருணா.

வேலுச்சாமி முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி பூஜை மாடத்தைப் பார்த்தார். “அதான் சொல்றாள்ல” என்றார் கடைசியில். வேலுச்சாமி கறுப்பு மையை எடுத்தான்.

மறுநாள் காலை கறுப்பு ஸ்டிக்கர் கட்டாகி மொபெட்டில் ஏறியது. காளிராஜ் அதே போல வெள்ளை வேட்டி கட்டி வந்தார். முதல் கட்டின்மேல் விரலால் குங்குமம் வைத்தார். கறுப்பின்மேல் அது நன்றாகவே எடுத்துத் தெரிந்தது. பாண்டிச்செல்வி சிவப்புக் கேனை நீட்டினாள். அருணா காலையிலேயே எழுத்தைக் கிழித்துவிட்டு, பெட்ரோல் வாங்கி நிரப்பியிருந்தாள்.

காளிராஜ் கேனை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அதுவும் போதாமல் டீ கிளாஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் கொஞ்சம் ஊற்றி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அருணாவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏலே, என்ன வேடிக்கை? அவனவன் வேலையப் பாருங்கலே” என்று அதட்டிவிட்டு, கிளாஸில் இருந்ததை டேங்கில் ஊற்றினார்.